20,000 குழந்தைகளும் ஒரு பட்டியல் திருத்தமும்: லானார்க்‌ஷயர் பால் சோதனை, 1930 – ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு திட்டம் பலன் தந்ததா என்ற பேச்சு வந்தால், "எத்தனை பேரிடம் பார்த்தீர்கள்?" என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வியாக வருகிறது. பத்தாயிரம் பேர் என்றால் நம்பிவிடுகிறோம். ஐம்பது பேர் என்றால் உதட்டைப் பிதுக்குகிறோம். அளவீடு, மதிப்பீடு பற்றி யாருக்காவது சொல்லித்தர நேர்ந்தால் நான் முதலில் எடுப்பது 1930இல் ஸ்காட்லாந்தில் நடந்த ஒரு பால் சோதனையைத்தான். பணம் இருந்தது, ஆள் இருந்தது, அக்கறையும் நிறையவே இருந்தது. இருபதாயிரம் பிள்ளைகளை எடைபோட்டு, உயரம் அளந்தார்கள். அப்படியும் கேட்ட கேள்விக்கு உறுதியான பதில் கிடைக்கவில்லை. எந்த இடத்தில் தவறியது என்பதை முதலிலிருந்து வரிசையாகப் பார்ப்போம்.

பின்னணி

முதல் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனில் ஏழை வீட்டுப் பிள்ளைகளின் வளர்ச்சி ஒரு பொதுக் கவலையாக இருந்தது. 1926இல் ஓர் ஆய்வு வெளியானது. லண்டனுக்கு வெளியே இருந்த ஒரு சிறுவர் இல்லத்தில், வழக்கமான சாப்பாட்டோடு தினமும் ஒரு பைன்ட் (சுமார் 570 மில்லி) பால் சேர்த்துக் கொடுத்த பையன்களின் எடை ஓர் ஆண்டில் சராசரியாக 6.98 பவுண்டு கூடியது. வழக்கமான சாப்பாடு மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் கூடியது 3.85 பவுண்டு. உயரம் ஒரு பக்கம் 2.63 அங்குலம், இன்னொரு பக்கம் 1.84 அங்குலம். அப்புறம் ஸ்காட்லாந்தின் நகரங்களிலும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கேயும் நல்ல செய்திதான் வந்தது.

பால் நல்லது என்று தோன்றிவிட்டது. ஆனால் எந்தப் பால்? மாட்டுக் காசநோய் பால் வழியாகக் குழந்தைகளுக்குப் பரவிக்கொண்டிருந்த காலம் அது. பாலைப் பாஸ்டரைஸ் செய்துதான், அதாவது கிருமி சாகும் அளவுக்குச் சூடாக்கித்தான், கொடுக்க வேண்டும் என்றார்கள் ஒரு தரப்பினர். சூடாக்கினால் சத்து போய்விடும், காய்ச்சாத பால்தான் பிள்ளையை வளர்க்கும் என்றார்கள் இன்னொரு தரப்பினர். அரசுப் பணத்தில் பள்ளிகளில் பால் கொடுப்பதென்றால் இதற்கு ஒரு முடிவு தெரிந்தாக வேண்டும். சோதனைக்குத் தேர்ந்தெடுத்த இடம் லானார்க்‌ஷயர். கிளாஸ்கோவை ஒட்டிய பகுதி. வடக்கே நிலக்கரிச் சுரங்கங்களும் இரும்பு ஆலைகளும், தெற்கே மேய்ச்சல் நிலங்களும் உள்ள மாவட்டம்.

திட்டம்

1930 பிப்ரவரி முதல் ஜூன் வரை நான்கு மாதம். 67 பள்ளிகள். ஒவ்வொரு பள்ளியிலும் 200க்குக் குறையாமல், 400க்கு மிகாமல், 5 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகள். மொத்தம் 20,000 பேர். பாதிப் பேருக்குத் தினமும் முக்கால் பைன்ட், அதாவது சுமார் 425 மில்லி பால். அந்தப் பத்தாயிரம் பேரில் 5,000 பேருக்குக் காய்ச்சாத பால், 5,000 பேருக்குப் பாஸ்டரைஸ் செய்த பால். மீதிப் பத்தாயிரம் பேர் பால் வாங்காமல் ஒப்பீட்டுக்காக இருந்தவர்கள். எல்லோரையும் தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை எடைபோட்டு உயரம் அளப்பது என்று ஏற்பாடு.

நாளொன்றுக்கு 4,200 லிட்டருக்கு மேல் பால். காசநோய் இல்லையென்று சோதித்த மாடுகளின் பால் அது. 67 பள்ளிகளுக்கு நேரத்துக்குக் கொண்டுபோய், யாருக்கு உண்டோ அவர்களுக்கு மட்டும் ஊற்றிக் கொடுக்க வேண்டும். இந்த வேலையைக் குறை சொல்ல இடமில்லை. பின்னால் சோதனையை விமர்சித்தவர்களே இந்த ஒழுங்கைப் பாராட்டித்தான் தொடங்கினார்கள்.

நிர்வாக வசதிக்காக எடுத்த ஒரு முடிவை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம். ஒரு பள்ளிக்கு ஒரே வகைப் பால்தான். காய்ச்சாத பால் போன பள்ளிக்குப் பாஸ்டரைஸ் செய்தது போகவில்லை. இருநூறு பிள்ளைகள் இருக்கிற இடத்தில் இரண்டு வகைப் பாலையும் கலந்துவிடாமல் கொடுப்பது கஷ்டம் என்பதால் அப்படிச் செய்தார்கள். காரணம் நியாயமானதுதான். அதன் விளைவைப் பிறகு பார்ப்போம்.

தலைமை ஆசிரியரின் பட்டியல்

யாருக்குப் பால், யாருக்கு இல்லை என்று முடிவு செய்யும் பொறுப்பு தலைமை ஆசிரியர்களிடம் விடப்பட்டது. சில பள்ளிகளில் சீட்டுப் போட்டார்கள். சில பள்ளிகளில் பெயரின் அகரவரிசைப்படி பிரித்தார்கள். இதுவரை சரி.

ஆனால் அதோடு நிற்கவில்லை. சீட்டிலோ அகரவரிசையிலோ நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளைகளோ, சத்துக் குறைந்த பிள்ளைகளோ ஏதாவது ஒரு குழுவில் அதிகமாக விழுந்துவிட்டால், சிலரை எடுத்துவிட்டு வேறு சிலரைச் சேர்த்துச் சமமாக்கிக்கொள்ளலாம் என்று இடம் கொடுத்திருந்தார்கள். அப்படிச் செய்ததாக அறிக்கையே சொல்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரு தலைமை ஆசிரியரை நினைத்துப் பாருங்கள். மேசையில் இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. பால் இல்லாத பட்டியலில் ஒரு பெயர் கண்ணில் படுகிறது. அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை போய் மாதக்கணக்காகிவிட்ட வீட்டுப் பிள்ளை. காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவன் என்று அவருக்குத் தெரியும். பால் பட்டியலில் கடைக்காரர் வீட்டுப் பையன் இருக்கிறான். கையில் பேனா இருக்கிறது, மாற்றிக்கொள்ளலாம் என்று அனுமதியும் இருக்கிறது. எத்தனை பேரால் அந்தப் பேனாவைக் கீழே வைக்க முடியும்? எந்தப் பள்ளியில் யாரை மாற்றினார்கள் என்று இன்று சொல்ல முடியாது. ஆனால் மாற்றம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை அளவுகள் காட்டிவிட்டன. பால் கொடுக்கத் தொடங்கும் முன்பே, பால் இல்லாத குழுப் பிள்ளைகள் பால் பெற்ற குழுவைவிட எடையில் சுமார் மூன்று மாத வளர்ச்சியும் உயரத்தில் சுமார் நான்கு மாத வளர்ச்சியும் முன்னால் இருந்தார்கள்.

சோதனை நடந்ததே நான்கு மாதம்தான். தொடக்கத்திலேயே இருந்த இடைவெளி, சோதனை நடந்த மொத்தக் காலத்து வளர்ச்சிக்கு ஏறக்குறைய ஈடாக இருந்தது.

ஆசிரியர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பசித்த பிள்ளைக்குப் பால் போகட்டும் என்று நினைப்பது நல்ல மனம். "சமமாக்குங்கள்" என்று சொல்லி, சமம் எது என்பதைக் கண்பார்வைக்கு விட்டதுதான் திட்டத்தின் பிழை. சீட்டுக் குலுக்கல் ஒவ்வொரு பள்ளியிலும் குழுக்களைத் துல்லியமாகச் சமமாக்கித் தந்துவிடாது. ஆனால் 67 பள்ளிகளில் குலுக்கினால் ஓரிடத்தில் இப்படியும் இன்னோரிடத்தில் அப்படியும் சாய்ந்து, மொத்தத்தில் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். மனிதக் கை திருத்தினால் எல்லாப் பள்ளிகளிலும் ஒரே பக்கமாகத்தான் சாயும், ஏனென்றால் இரக்கம் எல்லா ஊரிலும் ஒரே திசையில்தான் வேலை செய்கிறது.

பிப்ரவரி உடை, ஜூன் உடை

இரண்டாவது பிரச்சினை தராசில் இருந்தது. இத்தனை ஆயிரம் பிள்ளைகளை உடையைக் கழற்றவைத்து எடைபோட முடியாது. வகுப்பில் போட்டிருக்கிற உடையோடுதான் எடைபோட்டார்கள். பிப்ரவரி ஸ்காட்லாந்தில் கடுங்குளிர். கம்பளி மேல் கம்பளி போடுவார்கள். ஜூனில் மெல்லிய உடை. ஆகவே உடலில் ஏறிய எடையிலிருந்து உடையில் குறைந்த எடை கழிந்துதான் தராசில் தெரியும்.

ஒரு கணக்குக்காக நானே எண்களைப் போட்டுப் பார்க்கிறேன். இரண்டு பையன்கள். இருவருக்கும் நான்கு மாதத்தில் உடல் எடை சரியாக ஒரு கிலோ கூடுகிறது. வசதியான வீட்டுப் பையனின் குளிர்கால உடை 2 கிலோ, கோடைகால உடை 1.2 கிலோ. தராசு அவனுக்குக் காட்டும் வளர்ச்சி 200 கிராம். ஏழைப் பையனிடம் குளிருக்கென்று தனியாக அதிகம் ஒன்றும் இல்லை, குளிரில் 1.1 கிலோ, கோடையில் 0.9 கிலோ. தராசு அவனுக்குக் காட்டுவது 800 கிராம். ஒரே வளர்ச்சிக்குத் தராசு இரண்டு விடை சொல்கிறது. அந்த 600 கிராமில் பாலுக்குப் பங்கே இல்லை. அது ஒரு வீட்டில் இருந்து இன்னொரு வீட்டில் இல்லாத கம்பளியின் எடை.

குழுக்கள் நிஜமாகவே குலுக்கலில் பிரிந்திருந்தால் இது பெரிய விஷயமில்லை. இரண்டு பக்கமும் கம்பளி உடையும் இருந்திருக்கும், கிழிந்த உடையும் இருந்திருக்கும். குறைவது இரண்டு பக்கமும் ஒரே அளவில் குறைந்திருக்கும். ஆனால் ஏழைப் பிள்ளைகள் பால் குழுவில் அதிகம் சேர்ந்துவிட்டதால், உடைக் கணக்கும் பாலுக்குச் சாதகமாகச் சாய்ந்துவிட்டது. முதல் பிழை இரண்டாவது பிழைக்குக் கதவைத் திறந்துவிட்டது. எடையில் தெரிந்த வித்தியாசம் உயரத்தில் தெரிந்ததைவிடத் தூக்கலாக இருந்ததற்கும் இது காரணமாக இருக்கலாம். உயரத்துக்கு உடை இல்லையே.

அறிக்கை சொன்னது

அதே ஆண்டு ஸ்காட்லாந்து சுகாதாரத் துறை அறிக்கை வெளியிட்டது. அதன் முடிவுகள் மூன்று: பால் சேர்த்துக் கொடுத்தால் எடையிலும் உயரத்திலும் வளர்ச்சி நிச்சயமாக வேகமாகிறது; இதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சீரான வேறுபாடு இல்லை, சின்னப் பிள்ளைகளுக்குப் பெரிய பிள்ளைகளைவிட அதிகப் பலன் என்பதற்கும் ஆதாரம் இல்லை; காய்ச்சாத பாலும் பாஸ்டரைஸ் செய்த பாலும், தெரிந்தவரை, சமம்.

தொடக்க இடைவெளியை அறிக்கை மறைக்கவில்லை. உடைப் பிரச்சினையையும் சொல்லியிருந்தது. அந்த நேர்மையால்தான் நாம் இன்று இவ்வளவும் பேச முடிகிறது.

1931: மறு பார்வை

அடுத்த ஆண்டு புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷரும் எஸ். பார்ட்லெட் என்பவரும் அதே தரவை எடுத்துக் கணக்குப் போட்டு, காய்ச்சாத பாலே மேல் என்ற முடிவுக்கு வந்தார்கள். ஒரே தரவிலிருந்து ஓர் அறிக்கைக்குச் சமம் என்றும், இந்த இருவருக்கும் சமம் இல்லை என்றும் விடை வந்தது.

அதே ஆண்டில் 'பயோமெட்ரிகா' என்ற புள்ளியியல் இதழில் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் வில்லியம் கோசெட், கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்தவர். இரண்டு சராசரிகளின் வித்தியாசம் தற்செயலானதா என்று பார்க்க இன்று எல்லாப் புள்ளியியல் வகுப்புகளிலும் சொல்லித்தரும் டி-சோதனை 1908இல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்து வந்ததுதான். சில பீப்பாய் பார்லி, சில வயல்கள் என்று குறைந்த மாதிரிகளை வைத்து முடிவெடுத்தே பழகியவர். எண்ணிக்கையைக் கண்டு மயங்குகிறவர் இல்லை.

பட்டியல் திருத்தம், தொடக்க இடைவெளி, உடை ஆகிய மூன்றையும் அவர் ஒன்றோடொன்று கோர்த்துக் காட்டினார். பால் வளர்ச்சியைக் கூட்டியது என்ற முதல் முடிவை நிரூபணமான உண்மையாக ஏற்க முடியாது, கருத்தாக மட்டுமே வைத்துக்கொள்ளலாம் என்றார். இரண்டு வகைப் பாலைப் பற்றிய முடிவில் அவர் இன்னும் கறாராக இருந்தார். ஒரு பள்ளியிலும் இரண்டு வகையும் சேர்ந்து போகவில்லை. ஒரு வகை கொடுத்த பள்ளிகளையும் இன்னொரு வகை கொடுத்த பள்ளிகளையும் ஒப்பிட்டால், பாலைத்தான் ஒப்பிடுகிறோமா, சுரங்க ஊரையும் பண்ணை ஊரையும் ஒப்பிடுகிறோமா என்று சொல்ல முடியாது. இந்தக் கேள்விக்குப் பத்தாயிரம் பிள்ளைகள் என்ற எண் உதவாது. இங்கே எண்ண வேண்டியது பள்ளிகளை; அவை மொத்தமே 67தான்.

பெரிய எண் ஏன் காப்பாற்றவில்லை

இதைத்தான் புரியவைக்க எனக்கு எப்போதும் அதிக நேரம் பிடிக்கிறது. அளவீட்டில் பிழை இரண்டு வகை. ஒன்று தற்செயல் பிழை: அங்கே கொஞ்சம் கூடும், இங்கே கொஞ்சம் குறையும், ஆள் கூடக்கூட அது கரையும். இன்னொன்று சாய்வு: எல்லா அளவையும் ஒரே பக்கம் தள்ளும். ஆளைக் கூட்டினாலும் அது அப்படியேதான் நிற்கும்.

மறுபடியும் கணக்குக்காக மட்டும் ஒரு எண் போடுகிறேன். பிள்ளைகளின் நான்கு மாத எடை வளர்ச்சி ஆளுக்கு ஆள் வேறுபடும் அளவை, அதாவது திட்ட விலக்கத்தை, ஒரு கிலோ என்று வைத்துக்கொள்வோம். குழுவுக்குப் பத்தாயிரம் பேர் என்றால் இரண்டு சராசரிகளுக்கும் உள்ள வித்தியாசத்தின் திட்டப்பிழை, அதாவது தற்செயலால் அது எவ்வளவு கூடிக் குறையலாம் என்பதன் அளவு, சுமார் 14 கிராம்தான். அவ்வளவு துல்லியம். ஆனால் உடைச் சாய்வு வெறும் 100 கிராமாக இருந்தால்கூட, அது திட்டப்பிழையைப் போல ஏழு மடங்கு. பாலில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் கணக்கு "பலன் நிச்சயம்" என்று சொல்லும். பிள்ளைகளை நான்கு மடங்காக்கினால் திட்டப்பிழை 7 கிராமாகக் குறையும். சாய்வு 100 கிராமாகவே இருக்கும், தவறான விடையில் நம் உறுதி மட்டும் இரண்டு மடங்காகும்.

சாய்வு எவ்வளவு என்றே தெரியாது என்பது இதைவிட மோசம். ஏழைப் பிள்ளைக்குப் பாலால் கூடுதல் பலன் கிடைத்திருக்கலாம். அப்படியானால் சோதனை பாலின் பலனை மிகைப்படுத்திக் காட்டியிருக்கும். வீட்டுச் சாப்பாடு போதாமல் அவன் வளர்ச்சி பின்தங்கிக்கொண்டே வந்திருக்கலாம். அப்படியானால் குறைத்துக் காட்டியிருக்கும். எந்தப் பக்கம் எவ்வளவு என்று தெரியாத பிழையைக் கணக்கில் கழிக்க முடியாது.

ஸ்டூடன்ட் சொன்ன மாற்று வழி

அவர் குறை சொல்லிவிட்டு ஒதுங்கிவிடவில்லை. ஒரே வயதில், ஒரே பாலினத்தில், எடை, உயரம், உடல்நிலை எல்லாவற்றிலும் முடிந்தவரை ஒத்த இரண்டிரண்டு பிள்ளைகளாக ஆசிரியர்களே ஜோடி சேர்க்கட்டும் என்றார். ஜோடியில் யாருக்குப் பால் என்பதை மட்டும் நாணயம் சுண்டி முடிவு செய்ய வேண்டும். எனக்கு இதில் பிடித்தது, ஆசிரியரின் அறிவை அவர் வெளியே தள்ளவில்லை என்பது. எந்தப் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். அந்த அறிவு ஜோடி சேர்ப்பதோடு முடிந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

செலவு குறைவாக இருக்க வேண்டுமென்றால் ஒருகருவில் பிறந்த இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்யலாம் என்றும் சொன்னார். வயது, பிறவி, வீடு, சாப்பாடு, அம்மா உடுத்திவிடும் உடை எல்லாம் ஒன்று. ஒருவருக்குப் பால், மற்றவருக்கு இல்லை. அப்படிப்பட்ட 50 ஜோடிகள் இந்த இருபதாயிரம் பேரைவிட நம்பகமான விடை தரும் என்பது அவர் கணக்கு. லானார்க்‌ஷயர் சோதனைக்கு ஆன செலவு சுமார் 7,500 பவுண்டு. அதில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ போதும் என்றார்.

பின்னர் நடந்தது

சோதனை தெளிவான விடை தராவிட்டாலும் பள்ளிப் பால் நிற்கவில்லை. 1934இல் பிரிட்டன் பள்ளிகளில் மூன்றில் ஒரு பைன்ட் பால் அரைப் பென்னிக்குக் கிடைத்தது. பால் பண்ணைகளின் விற்பனை நெருக்கடியும் அதற்கு ஒரு காரணம். 1946இல் அது எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இலவசமானது. அந்த முடிவு தவறு என்று நான் சொல்லமாட்டேன். பசித்த பிள்ளைக்குப் பால் கொடுக்க ஆய்வுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் எந்தப் பால், எந்த வயதுக்கு, எவ்வளவு பலன் என்ற கேள்விகளுக்குப் பதில் வாங்கித் தருவதாகச் சொல்லித்தான் நான்கு மாதம் பத்தாயிரம் பிள்ளைகளைப் பால் இல்லாமல் ஓரமாக நிறுத்தினார்கள். அந்தக் கடன் தீரவில்லை. எனக்கு இதில் வலிக்கிற இடம் அதுதான்.

இன்று செய்தால் மாற்ற வேண்டியவை

குலுக்கலைப் பள்ளிக்கு வெளியே, பிள்ளைகளைத் தெரியாத ஒருவர் செய்ய வேண்டும். குலுக்கிய பிறகு பட்டியலை யாரும் தொடக்கூடாது. தவிர்க்கவே முடியாமல் ஒருவரை மாற்றினால், யார், எப்போது, ஏன் என்று எழுதிவைக்க வேண்டும். கணக்குப் போடும்போது அவர் முதலில் விழுந்த குழுவிலேயே இருக்க வேண்டும். இந்தப் பிள்ளைக்குப் பால் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஆசிரியர் நினைத்தால், குலுக்கலுக்கு முன்பே அவனைத் தனியாக எடுத்துவைத்து, சோதனைக்கு வெளியே பால் கொடுக்கலாம். இரக்கத்துக்கும் ஒரு வழி வேண்டும். அது பட்டியலுக்குள் போகாமல் இருந்தால் போதும். இல்லையென்றால் பாதிப் பேருக்கு இந்தப் பருவம், மீதிப் பேருக்கு அடுத்த பருவம் என்று எல்லோருக்கும் பால் போகும்படியே திட்டமிடலாம்.

தராசு விஷயத்தில், ஒவ்வொரு பள்ளியிலும் சில பிள்ளைகளின் உடையை மட்டும் இரண்டு பருவத்திலும் தனியாக எடைபோட்டிருந்தால் சாய்வின் அளவாவது தெரிந்திருக்கும். பெரிய செலவில்லாத வேலை. இரண்டு வகைப் பாலும் ஒரே பள்ளிக்குப் போயிருக்க வேண்டும், வகைக்கு ஒரு நிறக் குவளை வைத்தாவது.

குலுக்கலைக் கைபடாமல் காப்பதை மருத்துவ உலகம் பின்னால் கற்றுக்கொண்டது. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் பலன் தருகிறதா என்று பிரிட்டனில் நடத்திய சோதனையின் முடிவு 1948இல் வந்தது. மொத்த நோயாளிகள் 107 பேர். யாருக்கு மருந்து என்பதைத் தற்செயல் எண்களால் முடிவு செய்து, மூடி ஒட்டிய உறைகளில் போட்டுவைத்தார் புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில். நோயாளியைச் சேர்த்துக்கொள்ள மருத்துவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் உறை திறக்கும். ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தார்கள், பெறாத 52 பேரில் 14 பேர். அந்த 107 பேர் சொன்ன விடை தெளிவாக இருந்தது.

அந்த முறை சென்னைக்கும் வந்தது. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையத்தில், நோயாளியை வீட்டில் வைத்தே மருந்து கொடுத்துக் குணமாக்க முடியுமா, சானடோரியத்தில் படுக்கவைத்தே ஆக வேண்டுமா என்று சோதித்தார்கள். வந்தவர்கள் பெரும்பாலும் நெரிசலான வீடுகளில் வாழ்ந்த ஏழைகள். ஒழுங்கான சாப்பாடு இல்லாதவரையும் ஒற்றை அறையில் ஐந்தாறு பேரோடு படுப்பவரையும் சானடோரியத்துக்கு அனுப்பிவிடலாம் என்று அங்கே இருந்தவர்களுக்கும் கை துடித்திருக்கும். அனுப்பவில்லை. யார் எங்கே என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்தது. 1959இல் வந்த முடிவில், வீட்டில் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாகியிருந்தார்கள். காசநோய்க்காரர்களை மாதக்கணக்கில் வீட்டைவிட்டுப் பிரித்துவைக்கும் வழக்கம் அதன் பிறகு உலகெங்கும் மெல்ல மெல்ல விலகியது.